கடுகு மிதந்த காலை

பெருமதிப்பிற்குரிய ஈரோடு திருமூர்த்தி அவர்களுக்கு, சூலூர் சென்னகேசவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கும் நலமும், என்மேல் கோபம் தணிந்த மனமும் இருக்க வேண்டுகிறேன். போனில் பேச முகமில்லை, அதனால் கடிதம்.

நேற்று ஞாயிறு காலை என் மகள் பிரீத்திகாவைப் பெண் பார்க்க ரயிலேறி வந்த தங்களையும் மாப்பிள்ளை வம்சியையும் அழைத்துவர நான் போத்தனூர் ரயில் நிலையத்துக்கு நேரத்தில் வராததற்குக் காரணம் கடுகு. அவள் துகள் வாயுவில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று நான் போனில் சொன்னபோது தாங்கள், "கேஸ் ஏஜென்சி எடுக்கப் போகுதுங்களா?" என்று கேட்டீர்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. வழியில் மறுபடி கேட்டுவிடுவீர்களோ என்று பயந்து காலையில் அவளிடமே கேட்டேன். அவள் ஒரு தட்டில் கடுகைக் கொட்டி, ஓடிக்கொண்டிருந்த எங்கள் விசைத்தறியின் சட்டத்தில் கட்டினாள். கடுகெல்லாம் எகிறிப் பறந்தது.

"இப்படிப் பறக்கற துகள் கூட்டந்தான் துகள் வாயு. காத்துல அணுவெல்லாம் எத்தன மோதுனாலும் ஆட்டம் ஓயாதுங்கப்பா. கடுகு மோதறப்பல்லாம் கொஞ்சம் வேகத்தத் தொலைச்சுப்போடும். ஓஞ்சுபோயிக் கும்பலாக் கூடிக்கும்."

"ஒவ்வொரு கடுகுக்கும் பின்னால ஓட முடியுமா கண்ணு?"

"முடியாதுங்க. எத்தன நெருக்கம், சராசரி வேகம் என்ன, அதுல ஏத்த எறக்கம் எவ்வளவு, இப்படி நாலஞ்சு சராசரி போதும். ஆனா ஒரு சராசரியக் கணக்குப் போட அடுத்த சராசரி வேணும், அதுக்கு இன்னொண்ணு, முடிவே இல்ல. எங்கியோ துணிஞ்சு நிறுத்தோணும். எங்கங்கறதுதான் என்ர ஆராய்ச்சி."

அவள் சேலை மாற்றப் போனாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடுகு ஒரு கருப்புப் பனிமூட்டம் போல எழுந்து மிதந்தது, தறிச்சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது, சில கடுகுகள் மெல்ல மெல்ல ஒரு மூலையில் கூட, மற்றவை அவற்றைத் தேடி வருவது போல வர, என் கால் தரையில் இருக்கிறதா என்பதே எனக்கு மறந்துபோனது.

"ஏனுங்க, ரயில் வந்து ஒரு மணி நேரமாச்சுங்க!" என்று என் மனைவி பங்காரம்மா கத்திய பிறகுதான் காரை எடுத்தேன். நிலையத்தில் யாருமில்லை. டீக்கடை பிரான்சிஸ், "ஒரு குடும்பம் ரொம்ப நேரம் பாத்துப்போட்டு, கோவமா ஆட்டோ ஏறிப் போச்சுங்க" என்றார். வீட்டில் கேசரி ஆறிக் கிடந்தது. பங்காரம்மா இன்னும் திட்டி ஓயவில்லை. பிரீத்திகா மட்டும் திட்டவில்லை. "எந்த மூலைல கூடுச்சுங்கப்பா?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

குற்றம் என்னுடையது, பெண்ணுடையதல்ல. மன்னித்து மறுபடி வர வேண்டும். தங்கள் மஞ்சள் மண்டி செழிக்கவும் முழங்கால் வலி தீரவும் பெருமாள் அருளட்டும். வீட்டம்மாவுக்கு என் வணக்கம், வம்சிக்கு ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சென்னகேசவன்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது பிரீத்திகா போனில் தாங்கள் முன்பு அனுப்பிய செய்தியைக் காட்டினாள். தாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தது அடுத்த ஞாயிறாம். ஆக, பிரான்சிஸ் பார்த்தது வேறு யாரோ குடும்பம்; தாங்கள் வரவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்கப்பா, அனுப்பிப்போடுங்க. நம்மளப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டே வரட்டும்" என்கிறாள்.