இடப்பக்கம் ஒரு பச்சைக் கதவு

"வலப்பக்கம் நேரா போனா கொடி, தொட்டா ஜெயிச்சாச்சு! அவ்ளோதான் ரூஹி, வர்றவனுக்கு..."

"அப்போ இத்தினி சந்து எதுக்குண்ணா வரைஞ்சேன்? மூணு மாசமா..."

"வழி தெரியணும்!"

"தொலைஞ்சாத்தாண்ணா விளையாட்டு!"

அடையாறின் அந்த ஒற்றையறை அலுவலகத்தில் கனகராஜும் ரூஹியும் ஒன்றாகவே கத்தினார்கள். நாலு மணிக்கு அவர்கள் செய்த வீடியோ கேமை வாங்க ஆள் வருகிறார். பிடிக்காவிட்டால் அலுவலகத்துக்குப் பூட்டுதான்.

திரையில் ஒரு குட்டிப்பெண். சிந்தாதிரிப்பேட்டைத் தெருக்களில் தாவித் தாவிப் போக வேண்டியவள். இடது ஓரத்தில் பச்சைக் கதவு வைத்த வீடு. ரூஹி தன் வீட்டையே வரைந்திருந்தாள். "போய்ட்டு வரேம்மா" என்று ரூஹியின் குரலில் சொல்லிவிட்டுத்தான் குட்டிப்பெண் கிளம்புவாள்.

கிளம்பினால்தானே? கனகராஜ் வலப்பக்கம் அழுத்தினான். அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள்.

"இன்னா இது?"

"வரேன்னு சொன்னாள்ல, வந்துட்டா."

கனகராஜ் திரையிலிருந்த பச்சைக் கதவைப் பூட்டினான். ரூஹியின் போன் அடித்தது. அம்மா. "அப்புறம் பேசலாம்" என்று கட் செய்தாள்.

திரையில் பெண் கதவைத் தட்டினாள். டொக், டொக்.

"தட்டுற சத்தம் எப்போ வெச்சே?"

"நான் வெக்கல. நீங்கன்னு நெனச்சேன்."

கனகராஜ் கதவை மறைத்துச் சுவர் எழுப்பினான். மறுபடி அம்மா. மறுபடி கட். பெண் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எம்பொண்ணு தேவலாம். அவளாவது சாக்லேட்டுக்கு மசிவா."

நாலடிக்க ஐந்து நிமிடம்.

"வீட்டை அழிச்சிடாதீங்கண்ணா!"

"வீடு இருக்கட்டும். வழிதானே தொல்லை?"

வீட்டையும் தெருவையும் சேர்க்கும் சந்து முழுவதையும் அழித்தான். சேமித்து வைத்திருந்த பழைய பிரதியையும் விட்டுவைக்கவில்லை.

சந்து இருந்த இடத்தின் இருட்டைப் பார்த்தபடி பெண் சற்று நின்றாள். பிறகு திரும்பி, வழியில் மிதந்த ஒரு காசுக்குக்கூடத் தாவாமல், நேராக நடந்து கொடியைத் தொட்டாள்.

"பாத்தியா! நேர் வழி!"

போன் மறுபடி அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு. நீ வேலையா கீறேன்னு நானே சொல்றேன்."

ரூஹி போட்டாள்.

"எத்தினி தபாடி கூப்புடறது? மொதல்ல கதவு தொறக்கல. அப்பால வாசல்ல செவுரு. இப்போ ஜன்னல்ல பாத்தா நம்ம சந்தே இல்ல... நீ எப்படிடி வூட்டுக்கு வருவே?"