நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள்

முதியோர் கற்றல் மையத்தை இந்த மாதத்தோடு மூடுவதாக வந்த கடிதத்தை டீச்சர் மூன்றாவது முறையாகப் படித்தாள். வகுப்புக்கு ஆள் வருவதில்லையாம். அதில் பொய்யும் இல்லை. பாதி ஊருக்குச் செங்கல் சூளையில் வேலை. மாலையில் வந்து உட்கார்ந்தால் முதல் வரியிலேயே குறட்டை விடுவார்கள். ஆனாலும் ஒன்பது வருடம் அந்த ஒற்றை அறையைக் கட்டிக் காத்தவள் அவள். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

ஊரே சேர்ந்து மனுக் கொடுத்தால் மேலிடம் அசையும் என்றார் தபால்காரர். டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு பேர் மறுபேச்சில்லாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்கள்.

தாள் முழுக்கக் கைநாட்டு. ஒன்பது வருடம் பாடம் நடத்திய லட்சணம் இதுதானா என்று மேலிடத்தில் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? கிழித்துப் போட்டாள்.

கெடு முடிய ஆறே நாள். சூளைக்கே போய், சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு குச்சி கொடுத்து, அவரவர் பெயரை எழுதப் பழக்கினாள். பெயர் மட்டும்தான், மனுவைப் படிக்கச் சொல்லித்தர நேரமில்லை. அவர்கள் காயாத செங்கல்லில் எல்லாம் எழுதிப் பார்த்தார்கள். ஒரு நாள் கல் மொத்தமும் பாழ். மேஸ்திரி அவளைச் சூளைப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டினார்.

அப்புறம் தெருவில் மறித்தாள். ஜனங்கள் அவளைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பினார்கள். கடைசிவரை மசியாதவர் முடிதிருத்துபவர்தான்.

"விரலை உருட்டினா போதாதா டீச்சரம்மா? இந்த வயசுல எதுக்கு என்னைப் படுத்துறீங்க?"

"உங்க ஒரு கைநாட்டால மையமே போயிடும், அண்ணே."

முனகிக்கொண்டே எழுத்தெழுத்தாக எழுதினார். கடைசி எழுத்து தாளை விட்டிறங்கி மேஜையில் போய் முடிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அலுவலகத்தில் அதிகாரி இல்லை. உதவியாளர்தான் மனுவை வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் அவங்கவங்களே போட்டதாம்மா?"

"ஒவ்வொருத்தரும் சொந்தக் கையால, சார்."

அவர் ஓரத்தில் ஏதோ குறித்து, மனுவைக் கோப்பில் செருகினார்.

"ஆள் வரலைன்னு மூடியிருந்தா என்னைக்காவது கெஞ்சித் திறந்திருக்கலாம்மா, ஊரே படிச்சு முடிச்சாச்சுன்னு நீங்களே எழுதிக் கொடுத்தப்புறம் யாராலயும் திறக்க முடியாது."