கிராபிக்ஸ் கார்டுக்குப் பொட்டு வச்ச கதை

வீட்டுல ஒரு சாமான் சும்மா கெடக்குதுன்னு தெரிஞ்சாப் போதும், அதுக்கு எங்கிருந்தாவது சொந்தக்காரங்க மொளைச்சு வந்துருவாங்க. எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மொளைச்சவங்க என் சம்பந்தி சரோஜா.

நான் இருக்கறது மலேசியாவுல, சுங்கைப் பட்டாணியில, பெரியவன் குமரன் வீட்டுல. சின்னவன் சேகரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப அவனோட கம்ப்யூட்டர இங்கயே போட்டுட்டுப் போயிட்டான். லேசுப்பட்ட சாமான் இல்ல. கறுப்புப் பொட்டி, என் முட்டி ஒசரம், ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு. அதுல பஸ் ஓட்டற கேம் ஒண்ணு இருக்கு. மேசையில மாட்டறதுக்கு நெச ஸ்டேரிங் மாதிரியே ஒரு ஸ்டேரிங், காலுக்கு ரெண்டு மிதி. ஒரு தடவ லீவுல வந்தப்ப, "மா, சும்மா ஒக்காந்து பாருங்க"ன்னான். ஒக்காந்தேன். அவன் லீவு முடிஞ்சு போயிட்டான். நான் இன்னும் எந்திரிக்கல.

என் வீட்டுக்காரரு மெர்போக் பக்கம் தோட்டத்து லாரி ஓட்டுனவரு. காலம் பூரா பக்கத்து சீட்டுல ஒக்காந்திருக்கேன், ஒரு நாளும் ஸ்டேரிங்கத் தொட விட்டதில்ல. "நீ தொட்டா லாரி பள்ளத்துக்குப் போயிரும்"பாரு. (பள்ளத்துக்குப் போச்சு. ரெண்டு தடவ. நான் தொடவே இல்ல.) அதனால இந்த வயசுல எனக்கு பஸ் கெடச்சதும் விடுவேனா? சாயங்காலம் வெளக்கு ஏத்திட்டு டூட்டிக்கு ஏறிருவேன். என்னா ஊருன்னு தெரியாது, ரோட்டுல பனி கொட்டுது, எழுதியிருக்கறதெல்லாம் இங்கிலீஷு. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனா பச்ச வெளக்கு எல்லா ஊருலயும் பச்சதான். ஏறுற ஆளுங்களும் நல்லவங்க, நம்ம ஊரு ஆளுங்க மாதிரி சில்லறைக்குச் சண்ட போடமாட்டாங்க.

இப்படி நிம்மதியா ஓடிக்கிட்டு இருந்தப்பதான் பண்டார் பாருவிலேருந்து சரோஜாம்மா போன் அடிச்சாங்க. என் மருமக தேவியோட அம்மா. காடி, அதான் காரு, தானே ஓட்டுவாங்க, பாலர் பள்ளியில டீச்சரா இருந்தவங்க, இன்னமும் எல்லாரையும் ஆறு வயசுப் புள்ளைங்க மாதிரிதான் பேசுவாங்க. (நான் சொல்லச் சொல்ல இத டைப் அடிச்சுத் தர்றது தேவிதான். இந்த எடத்துல மூஞ்சச் சுளிக்கிறா. அடிம்மா, அடி.)

"சம்பந்தி, சேகரு தம்பி கம்ப்யூட்டரு சும்மாதான கெடக்கு? என் மவன் வீட்டுப் பையன் படிக்கறதுக்குக் கேக்கறான்."

"சும்மா கெடக்கலையே சம்பந்தி. நான் பஸ் ஓட்டறேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க.

"நீங்க? கம்ப்யூட்டர்ல? பஸ்ஸு? அத நான் கண்ணால பாத்தாத்தான் லா நம்புவேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "வாங்க, வந்து பாருங்க. பஸ்ஸு ஓடலன்னா பொட்டிய அன்னைக்கே தூக்கிக்கிட்டுப் போங்க!"

"சரி, சனிக்கெழம வரேன்"னு ஒடனே வச்சுட்டாங்க. சேகர்கிட்ட கேட்டா, "யாரு ஓட்டறாங்களோ அவங்களே வச்சுக்கட்டும் மா"ன்னுட்டான். ஆக, பஸ்ஸு ஓடுனா எனக்கு. ஓடலன்னா பண்டார் பாருவுக்கு.

அந்தச் சனிக்கெழமைக்கு மொத நாளு ஆயுத பூச. குமரன் காடியக் கழுவுனான், தேவி மோட்டர்சைக்கிளத் தொடச்சா, நான் அரிவாமணை, தேங்காத் துருவி எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அப்பத்தான் தோணுச்சு. அவங்க வண்டிக்கெல்லாம் பூச நடக்குது, என் பஸ்ஸு மட்டும் என்னா அனாதையா?

வயரெல்லாம் புடுங்கிட்டுப் பொட்டியத் தொடச்சு எடுத்து வச்சேன். பன்னீர் விட்டுச் சந்தனத்தக் கெட்டியாக் கொழச்சேன். காடிக்கு எங்கெங்க வைப்போம்? முன்னாடி, பின்னாடி, இஞ்சின்ல. அதே மாதிரிதான் வச்சேன். கண்ணாடிக் கதவத் தொறந்தா உள்ள ரெண்டு ஃபேனு வச்ச பெரிய சாமான் ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு. இஞ்சின் இதாத்தான் இருக்கும்னு அதுக்கு ஒரு பொட்டு. பின்பக்கம் திருப்புனா, கீழ வரிசையா நாலு ஓட்டை, நெத்தி மாதிரியே. நாலையும் சந்தனம் வச்சு அடைச்சு, நடுவுல குங்குமம். முகூர்த்தத்துக்குப் போற பொண்ணு மாதிரி நின்னுச்சு பொட்டி. மிதிக்குக் கீழ எலுமிச்சம்பழம் வச்சு, ஸ்டேரிங்கப் புடிச்சுக்கிட்டு ரெண்டையும் ஒரே மிதி. நசுங்குன சத்தத்துல தேவி அடுப்படியிலேருந்து ஓடி வந்துட்டா.

அப்பறம் வயரெல்லாம் திருப்பிச் சொருவுனேன். ஸ்கிரீன்ல சேகரு படம் வந்துச்சு. சரி, ஆயுத பூசையன்னிக்கு ஆயுதத்தத் தொடக்கூடாதே, பஸ்ஸுக்கும் லீவுன்னுட்டு அணைச்சுட்டேன்.

மறுநாள் சரோஜாம்மா வந்தாங்க. காடிய எங்க வாசலுக்குப் பின்பக்கமாத் திருப்பி நிறுத்துனப்பவே எனக்குச் சந்தேகம். எட்டிப் பாக்கறேன், பின்னாடி சாமான் வைக்கற பூட்டுல பழைய கம்பளி விரிச்சு வச்சிருக்காங்க. பொட்டிக்கு மெத்த!

தண்ணி குடிச்சுட்டு எல்லாரும் என்னயச் சுத்தி நின்னாங்க. நான் சேலையச் சொருவிக்கிட்டு ஒக்காந்து, பஸ்ஸுப் படத்த அமுக்குனேன். ஸ்கிரீனு கறுத்துச்சு. பஸ்ஸு வரல. ஒரு சின்னக் கட்டம் வந்துச்சு, உள்ள இங்கிலீஷு.

"என்னாம்மா தேவி போட்டிருக்கு?"

"அத்தே, இந்தக் கேம் ஓடறதுக்குக் கிராபிக்ஸ் கார்டு பத்தாதாம்."

"நேத்து முந்தாநாள் வரைக்கும் பத்துச்சேடி! விருந்தாளி வந்தா சோறுதான் பத்தாது, இதுவுமா?"

குமரன் பொட்டிய அணைச்சு அணைச்சுப் போட்டான். அதே கட்டம். தேவி இண்டர்நெட்டு வருதான்னு பாத்தா. இண்டர்நெட்டு நல்லா வந்துச்சு, கட்டமும் நல்லா வந்துச்சு. சரோஜாம்மா முறுக்கக் கடிச்சுக்கிட்டே, "பாவம் சம்பந்தி, அதுக்கும் வயசாயிருச்சுல்ல. எங்க வீட்டுக்கு வந்தா ரெஸ்ட் எடுத்துக்கும்"னாங்க.

குமரன் கண்ணாடிக் கதவத் தொறந்தான். தொறந்தவன் அப்படியே நின்னுட்டான்.

"மா! இது என்னாமா?"

"இஞ்சின்டா."

"இது கிராபிக்ஸ் கார்டுமா! இதுக்குப் போயி பொட்டு வைப்பாங்களா?"

"நீ ஒன் காடி இஞ்சினுக்கு வைக்கல?"

சரோஜாம்மா எட்டிப் பாத்து, "குங்குமந்தான் கொஞ்சம் தூக்கல்"னாங்க. குமரன் அணைச்சுட்டு, கைத்துணியால தொடச்சு, திரும்பப் போட்டான். கட்டம்.

"சரி மாப்ள, நேரமாவுது. காடி பூட்டத் தொறக்கவா?"ன்னு சரோஜாம்மா சாவிய எடுத்துட்டாங்க.

வெளையாட்டாத்தான் இத்தன நாளும் பேசிக்கிட்டு இருந்தேன். அந்தச் சாவிச் சத்தத்தக் கேட்டதும் பொட்டி மேல கைய வச்சுக்கிட்டேன். மவனும் மருமவளும் வேலைக்குப் போயிட்டு எட்டு மணிக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் எனக்குப் பேச்சுத் துணையே அந்தப் பஸ்ஸுல ஏறுற பேரு தெரியாத ஆளுங்கதான். அதெல்லாம் சம்பந்திகிட்ட சொல்ல முடியுமா? "இருங்க, சேகர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்"னேன்.

சேகரு வீடியோவுல வந்தான். குமரன் விசயத்தச் சொன்னான். "அண்ணே, ஸ்கிரீன் வயரு எங்க சொருவியிருக்கு? பொட்டி பின்னாடி காட்டு"ன்னான் சேகரு. குமரன் போனத் தூக்கிப் பொட்டிக்குப் பின்னாடி காட்டுனான்.

சேகரு கண்ணச் சுருக்கிக்கிட்டுப் பாத்தான். "அங்க கீழ என்னா அது, மஞ்சளா?"

"நீயே அம்மாகிட்ட கேளு"ன்னான் குமரன்.

"மா, அந்தக் கீழ வரிசதான் கிராபிக்ஸ் கார்டோட வாயி. வயரு அங்கதான் சொருவியிருந்துச்சு. இப்ப மேல இருக்கு. மேல இருக்கற ஓட்டை சைக்கிள் மாதிரிமா, படம் பாக்க, எழுத்து அடிக்கத்தான் தாங்கும். நீங்க சைக்கிள வச்சு பஸ்ஸ இழுக்கச் சொல்றீங்க. கீழ இருந்தத எதுக்கு மேல மாத்துனீங்க?"

எல்லாரும் என்னயவே பாத்தாங்க. எனக்கு இதுல என்னா கேள்வி இருக்குன்னே புரியல.

"அங்க பொட்டு வச்சிருக்கேன்டா! வச்ச பொட்டுல யாராவது வயரச் சொருவுவாங்களா?"

தேவி தரையில ஒக்காந்துட்டா. குமரன் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டான், தோளு மட்டும் குலுங்குது. போனுல சேகரு மூஞ்சியே காணோம், சிரிப்பு மட்டும் வருது. (நாலு ஓட்டையையும் ஏன் அடைச்சீங்கன்னு இப்பவும் கேக்கறாங்க. மூணுக்கு வச்சுட்டு ஒண்ண விட்டா, அதுக்கு மனசு கஷ்டப்படாதா?)

பொட்டிய அணைச்சு, ஈரம் படாமச் சொரண்டி எடுக்கச் சொன்னான் சேகரு. சந்தனம் சிமெண்டு மாதிரி காஞ்சு போயிருந்துச்சு. குமரன் ஒரு பல்லுக்குச்சிய ஒடச்சான், ரெண்டாவதையும் ஒடச்சான். அதுவரைக்கும் சாவிய ஆட்டிக்கிட்டு இருந்த சரோஜாம்மாவுக்குத் தாங்கல. "தள்ளுங்க மாப்ள. பாலர் பள்ளியில புள்ளைங்க மூக்குலேருந்து பென்சில் முனையே எடுத்திருக்கேன்"னு வெளக்கமாத்து ஈர்க்குச்சியோட குனிஞ்சுட்டாங்க. எப்படியும் நம்ம வீட்டுக்கு வரப்போற சாமான், சுத்தமா வரட்டும்னு நெனச்சாங்களோ என்னவோ. ஒரு ஓட்டைய அப்படி அழகாத் தோண்டி எடுத்தாங்க. மத்த மூணையும் நான் தொட விடல.

குமரன் வயரக் கீழ சொருவுனான். நான் மனசுக்குள்ள முருகனக் கூப்புட்டுக்கிட்டு அமுக்குனேன். பஸ்ஸு வந்துருச்சு! பனியில, வெளக்குப் போட்டுக்கிட்டு, எனக்காக நிக்குது. ஏறி எடுத்தேன் பாருங்க, அவசரத்துல நேரா பஸ் ஸ்டாப்பு மேலயே ஏத்திட்டேன்.

"ஓடுச்சுல்ல?"ன்னேன்.

"ஓடுச்சு. நீங்க ஓட்டல"ன்னாங்க சரோஜாம்மா. "தள்ளுங்க, நான் காட்டறேன்."

ஒக்காந்தாங்க. சிக்னல் போட்டுத் திருப்புனாங்க, ஆளு ஏத்துனாங்க, எறக்குனாங்க. குமரன் சாப்புடக் கூப்புட்டான், "இந்த ஸ்டாப்போட வரேன்"னாங்க. தேவி கூப்புட்டா, ஹாரன் அடிச்சாங்க. அந்த நேரம் பாத்து பண்டார் பாருவிலேருந்து பேரன் போன் அடிக்கிறான், "பாட்டி, கம்ப்யூட்டர் கெடச்சுச்சா?"ன்னு.

சரோஜாம்மா ஸ்டேரிங்க விடல. ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னாங்க: "இல்லடா கண்ணு. ரோசாக். சுத்தமா கெட்டுப் போச்சு, தூக்கவே முடியாது."

பேரனுக்கு அவங்கப்பா அடுத்த மாசமே லேப்டாப் வாங்கிக் குடுத்துட்டாரு, அதனால பாவமில்ல. விரிச்ச கம்பளி வெறுங்கம்பளியாவே திரும்பிப் போச்சு. ஆனா கெட்டுப் போச்சுங்கறதுக்கு அவங்க சொன்ன அந்த மலாய் வார்த்த ரோசாக்கு மட்டும் எங்க வீட்டுலயே தங்கிருச்சு. யாருக்காவது ஒண்ணக் குடுக்க மனசு வரலன்னா அந்தச் சாமான் ரோசாக். ஒளிச்சு வச்ச பலகாரம் ரோசாக். குமரன் காடிய யாராவது எரவல் கேட்டா, ஓடிக்கிட்டு இருக்கற காடியே ரோசாக்.

இப்ப சரோஜாம்மா சனிக்கெழம தவறாம வந்துர்றாங்க. மக மேல பாசமாம். போன வாரம் நான் பக்கத்துல முக்காலி போட்டு ஒக்காந்து ஒக்காந்து பொறுமை போயி, "சம்பந்தி, கொஞ்சம் எந்திரிங்க, நான் ஓட்டறேன்"னேன்.

திரும்பிக்கூடப் பாக்கல அந்தம்மா.

"எனக்கு முட்டி ரோசாக் சம்பந்தி. எந்திரிக்க முடியல."