தாமரைக்குப் படிக்கத் தெரியாத ஆறு மாதங்கள்

எங்கள் பள்ளியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் மொத்தம் ஆறு பேர் என்று, பள்ளி திறந்த மூன்றாவது வாரம், தலைமையாசிரியர் முன்னிலையில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஐந்து பேர் என்றால் மாவட்ட அலுவலகம் திட்டம் தராது. ஏழு பேர் என்றால் ஏன் இத்தனை என்று கடிதம் வரும். ஆறு என்பது பார்க்க லட்சணமான எண்.

கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, பெயர் வேண்டாம். அங்கே நான் முதல் வருஷ ஆசிரியை; வீட்டில் பாலர் பள்ளி போகும் பையன் ஒருவன். வேலை உறுதிக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. அந்த ஆறு பேரும் என் முதலாம் ஆண்டு வகுப்புப் பிள்ளைகள். ஆகவே ‘ஆறு சுடர்கள்’ என்னும் மாபெரும் ஆறு மாத வாசிப்புத் திட்டத்துக்கு நானே பொறுப்பாசிரியை. யார் பொறுப்பு என்று தலைமையாசிரியர் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் மேசைக்கு அடியில் பேனா தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் வருஷத்தில் நான் கற்ற முதல் பாடம் அதுதான்: கூட்டத்துக்குப் போனால் ஒரு பேனாவைக் கீழே போட்டு வைத்திருக்க வேண்டும்.

மறுநாளே பேனர் அடித்தாகிவிட்டது. பத்தடி நீளம். நடுவில் தலைமையாசிரியர் ரெங்கசாமி சார், சுற்றிலும் வட்ட வட்டமாக ஆறு பிள்ளைகளின் முகம். மூன்றாவது வட்டத்தில் தாமரை.

திறப்பு விழாவுக்கு அதிகாரி வர வேண்டும். அவர் மூன்று தடவை தேதி மாற்றினார். பேனர் சுருட்டியபடி ஸ்டோரில் கிடந்தது. விழா நடக்காமல் பாடம் தொடங்கக்கூடாது என்பது விதி. ஆனால் பிள்ளைகள் காலையில் வந்து முகத்தைப் பார்க்கிறார்களே, சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? ஓய்வு நேரத்தில் கேண்டீனுக்குக் கூட்டிப் போனேன். கேண்டீன் ஆன்டி சுவரில் எழுதி வைத்திருக்கும் சாப்பாட்டுப் பட்டியல்தான் எங்கள் பாடப்புத்தகம். “இ, ட், லி” என்று காட்டுவேன். மற்ற ஐந்தும் தட்டைப் பார்க்கும். தாமரை மட்டும் சுவரைப் பார்ப்பாள். அவளுக்குப் பசி கொஞ்சம் கூடுதல். ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, “ஆன்டி, உளுந்து வடை போட்டிருக்கு, ஆனா வடையே இல்லையே!” என்று கத்தினாள்.

அவள் வாசித்துவிட்டாள். நான் கையில் இருந்த மைலோவைக் கீழே கொட்டிக்கொண்டேன்.

அடுத்த நிமிஷமே அவள் கேட்டது, “டீச்சர், இப்ப நான் முதலை புத்தகம் எடுக்கலாமா?”

நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு முதலைக் கதைப் புத்தகம் உண்டு. அட்டையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதையே பார்ப்பாள். ஆனால் பட்டியலில் இருக்கும் ஆறு பேருக்கும் நூலக அட்டை கிடையாது. வாசிக்கத் தெரியாதவரிடம் புத்தகம் கொடுத்தால் புத்தகம் கெட்டுவிடும் என்பது நிர்வாகத்தின் தொலைநோக்கு.

பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டால் போச்சு என்று அலுவலக அறைக்கு ஓடினேன்.

“சார், தாமரை வாசிக்கிறா!”

ரெங்கசாமி சார் கண்ணாடியைக் கழற்றினார். “எப்போலேர்ந்து?”

“இன்னிக்குக் காலையிலேர்ந்து.”

“யாரைக் கேட்டு?”

நான் கையில் ஒட்டியிருந்த மைலோவைத் துடைத்தேன்.

“எந்தத் திட்டத்தின் கீழ வாசிச்சாம்மா?”

“திட்டம் எதுவும் இல்ல சார். கேண்டீன்ல...”

“படம் எடுத்தீங்களா?”

“இல்ல சார்.”

“பேனர்?”

“ஸ்டோர்ல இருக்கு சார்.”

“பேனர் இல்ல, படம் இல்ல, திறப்பு விழாவே நடக்கல. அப்புறம் எப்படிம்மா அந்தப் பிள்ளை வாசிச்சான்னு சொல்றீங்க?” என்றார், ரொம்பப் பொறுமையாக. “அவ பேரை எடுத்தா அஞ்சு பேர் ஆயிடும். அஞ்சு பேருக்குத் திட்டம் இல்ல. அந்த அஞ்சு பேரோட எதிர்காலம் என்ன ஆகும்?”

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அந்த அறையின் விசேஷம். உள்ளே இருக்கும் வரைக்கும் எல்லாமே நியாயமாகத் தெரியும்.

“வேற ஒரு பிள்ளைய மாத்திக்கலாமா சார்?”

“பேனர்ல மூஞ்சி அடிச்சாச்சே!” என்றார்.

வெளியே வந்தால் புஷ்பவல்லி டீச்சர். இருபது வருஷ அனுபவம். நூலகச் சாவி அவர் இடுப்பில். “உனக்கு இன்னும் உறுதிக் கடிதம் வரலதானே?” என்றார். “அப்புறம் என்ன, பேசாம இரு லா. பிள்ளை ஆறு மாசம் கழிச்சுப் படிச்சா குடியா முழுகிப் போயிடும்?”

ஆக, மேலிடத்து உத்தரவுப்படி தாமரை மறு அறிவிப்பு வரும்வரை வாசிக்கத் தெரியாதவளாகக் கருதப்பட்டாள். அதை அவளிடம் சொல்லும் பொறுப்பும் பொறுப்பாசிரியைக்கே.

“தாமரை, அதிகாரி வந்து ஒரு அட்டையைக் காட்டுவாரு. நீ தெரியாதுன்னு சொல்லணும்.”

“எனக்குத்தான் தெரியுமே டீச்சர்?”

“தெரியும்மா. ஆனா தெரியாதுன்னு சொல்லு. முதலை புத்தகம் கிடைக்கும்.”

சொல்லிவிட்டுக் கரும்பலகையை இரண்டு தடவை அழித்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஒருவழியாக அதிகாரி ராதாகிருஷ்ணன் வந்தார். மாலை, பன்னீர், வரவேற்பு நடனம், பிரியாணி. ‘பட்டம்’ என்று எழுதி, பக்கத்தில் படமும் போட்ட அட்டையைக் காட்டினார். மற்ற ஐந்தும் படத்தைப் பார்த்து, “காத்தாடி!” என்று கத்தின. தாமரை அட்டையை இடமிருந்து வலமாக ஒழுங்காகப் பார்த்துவிட்டு, “தெரியாது சார்” என்றாள்.

“இப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் இந்தத் திட்டம்!” என்று அவர் அவள் தலையைத் தடவி ஒரு பரிசுப் பையும் கொடுத்தார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டோம். மற்ற ஐந்து பிள்ளைகளும் அந்தப் பரிசுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

பிறகு பாடம் நடந்தது. வாரம் ஒரு மணி நேரம். பேனர் கட்டப் பத்து நிமிஷம், அவிழ்க்கப் பத்து நிமிஷம். ஒரு பக்க அறிக்கைக்கு நாலு படம் வேண்டும்: பிள்ளை சோகமாக, பிள்ளை முயற்சியாக, பிள்ளை சிரிப்பாக, எல்லாரும் கட்டைவிரலோடு. யாராவது கண்ணை மூடிவிட்டால் மறுபடியும் சோகத்திலிருந்து தொடங்க வேண்டும். மிச்சம் எட்டு நிமிஷத்தில் அ, ஆ வரைக்கும் போவோம். தாமரை வாரா வாரம் அலமாரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவிட்டு வந்து, “இன்னும் எத்தனை அறிக்கை டீச்சர்?” என்பாள்.

ஆறு மாதம் முடிந்து நிறைவு விழா. புதுப் பேனர். அதே அதிகாரி. அதே அட்டை.

முதல் பிள்ளையிடம் காட்டினார். “தெரியாது சார்!” இரண்டாவது பிள்ளை, “தெரியாது சார்!” ஐந்தும் வரிசையாக, கணீரென்று, பரிசுப் பைக்குக் கையை நீட்டிக்கொண்டே சொல்லின. ரெங்கசாமி சாரின் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

தாமரை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. அட்டையை வாசித்தாள். அதிகாரியின் பெயர்ப்பட்டையை வாசித்தாள். திரும்பிப் பின்னால் இருந்த பேனரையும் வாசித்தாள்: “ஆறு சுடர்களும் நூறு விழுக்காடு வாசிப்பு.” பிறகு, “டீச்சர், ஆறு பேர்னு போட்டிருக்கு. இவங்க அஞ்சு பேரும் இன்னும் வாசிக்கலையே?” என்றாள். மைக் அவள் முன்னால்தான் இருந்தது.

ரெங்கசாமி சார் மைக் வயரைத் தேடிக் குனிந்தார்.

அதிகாரி கைதட்டத் தொடங்கினார். “பார்த்தீங்களா! எவ்வளவு நீளமான பேனரைத் தடங்கலே இல்லாம வாசிக்கிறா! ஒரு பிள்ளை ஆறு பிள்ளைக்கு வாசிச்சா, சராசரி சரிதானே?”

எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

அடுத்த வாரம் என் உறுதிக் கடிதம் வந்தது. தாமரைக்கு முதலை புத்தகமும் கிடைத்தது. ஒரே மத்தியானத்தில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “கடைசி வரைக்கும் வாயைப் பிளந்துகிட்டே நிக்குது டீச்சர். யாரையும் கடிக்கல. அதுவும் படம் எடுக்கத்தான் நிக்குது போல.”

திட்டம் மகத்தான வெற்றி என்பதால் அடுத்த வருஷம் ‘பன்னிரண்டு சுடர்கள்’. பழைய ஐந்து பேர் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளில் ஆறு பேர் கிடைத்தார்கள். ஒன்று குறைந்தது.

“உங்க பையன் கிஷன் நம்ம பள்ளியிலதானே சேர்றான்?” என்றார் ரெங்கசாமி சார். “டீச்சர் பிள்ளை. சொன்னா கேட்டுக்குவான்.”

“அவன் வாசிப்பான் சார். சாலையில இருக்கிற போர்டு எல்லாம் வாசிக்கிறான்.”

“யாரைக் கேட்டு?” என்றார்.

பதிவு நாள் அன்று பேனருக்குப் படம் எடுக்க பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். கிஷன் கையில் அட்டையைக் கொடுத்ததும் வாசிக்க வாயைத் திறந்தான். உதவிக்கு வந்து பின்னால் நின்ற தாமரை அவன் தோளைத் தட்டி, அக்கறையாகக் காதில் சொன்னாள். “தெரியாதுன்னு சொல்லு தம்பி. முதலை புத்தகம் கிடைக்கும்.”

என் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கேமரா என் கையில்தான் இருந்தது. “கண்ணை மூடாதடா கண்ணா” என்றேன்.