உடைந்த கோப்பையும் பத்து வார வனவாசமும்

அரசியல் விஞ்ஞானம் படித்தவனிடம் பதவியைக்கூடக் கொடுத்துவிடலாம். பேச மட்டும் விடக் கூடாது. அனுபவித்துச் சொல்கிறேன்.

அப்போது நான் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் டீ ஃபேக்டரியில் கிளார்க். தபாலில் எம்.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. (ஆறியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) சாயங்காலமானால் ஸ்டாஃப் கிளப்பில் உட்கார்ந்து, அரசு என்பது யாது, அது எப்படித் தோன்றியது என்று ஆரம்பித்துவிடுவேன். கேரம் ஆட வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பார்கள்.

கிளப் செயலாளர் எலக்ட்ரீஷியன் ரங்கராஜ். டி.வி. ரிமோட் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான். அந்தப் பதவிமேல் எனக்கு ஒரு கண். கல்யாணமாகி இரண்டே மாதம். என் மனைவி சாந்தாமணியை நாலு பேர் 'செயலாளர் வீட்டம்மா' என்று சொல்ல வேண்டாமா? நேராகக் கேட்கக் கூச்சம். அதனால் கிரேக்கர்களைத் துணைக்குக் கூப்பிட்டேன்.

"ஏதென்ஸ்ல வருசத்துக்கு ஒருக்கா ஜனங்க கூடுவாங்க. ஊருக்கு ஆகாதவன் பேரை உடைஞ்ச பானைச் சில்லுல கீறிப் போடுவாங்க. யார் பேரு அதிகமோ அவன் பத்து வருசம் ஊரை விட்டே போயிரணும். குத்தம் செஞ்சிருக்கணும்னுகூட இல்லீங்க. அதிகாரம் ஒருத்தர் கையிலயே தங்கிரக் கூடாது பாருங்க," என்றேன், ரிமோட்டைப் பார்த்தபடி.

"நல்லாருக்குதுங்களே. நாமளும் செஞ்சு பாக்கலாமுங்க," என்றார் ரங்கராஜ். மனுஷன் இவ்வளவு சுலபமாக மாட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

பத்து வருஷத்தைப் பத்து வாரமாகக் குறைத்தோம். அதுவரை கிளப் வாசலை மிதிக்கக் கூடாது. டீ ருசி பார்க்கும் அறையில் உடைந்த வெள்ளைக் கோப்பைகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. மூட்டையில் நம்பர் போடும் மார்க்கர் பேனாவும் கிடைத்தது. "ஏதென்ஸ்ல பெண்களுக்கு ஓட்டு இல்லீங்க. அந்தத் தப்பை நாம செய்யக் கூடாது," என்று முழங்கி வீட்டுப் பெண்களையும் வரவழைத்தேன். (வரலாற்றைத் திருத்த என்னை யார் கேட்டார்கள்?)

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து சில்லுகள் விழுந்தன. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர், எங்களில் மூத்தவர், எண்ணினார். ரங்கராஜ் ஏழு. குமரேசன் ஏழு. குமரேசன் நான்தான். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. கடைசிச் சில்லை எடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"'எங்க வீட்டுக்காரர்'னு எழுதியிருக்குதுங்க."

"யார் வீட்டுக்காரர்னு இல்லையே. செல்லாத ஓட்டுங்க," என்று பாய்ந்தேன். ரகசிய வாக்கெடுப்பில் எழுதியது யார் என்று கேட்கவே கூடாது என்று சட்டமும் பேசினேன்.

பின்வரிசையில் சாந்தாமணி எழுந்து நின்றாள். என் பெயரை அவள் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டைத்தான் நீட்டுவாள்.

"செல்லாமப் போயிரக் கூடாதுங்க. அது இவருதானுங்க," என்று என்னைக் கை காட்டினாள்.

கிளப்பே சிரித்தது. ரங்கராஜ் என் செருப்பை எடுத்து, வாசலைப் பார்த்து நேராக வைத்தார்.

வீட்டுக்கு வேகமாக நடந்தேன். அவமானத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கதவைச் சாத்தியதும் கேட்டேன். "நீயும் என்னை ஆகாதவன்னு நினைச்சுட்டியா?"

"கிளப்புல உங்களுக்கு என்னங்க வேலை? ராத்திரி சோத்துக்குத்தான் ஊட்டுக்கு வாறீங்க. இந்த ஊருல நான் யாருகிட்டப் பேசறதுங்க?"

பத்து வாரம் முடிந்தும் நான் கிளப்புக்குப் போகவில்லை. அந்தச் சில்லு மட்டும் எங்கள் ஷோகேஸுக்கு வந்து சேர்ந்தது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "ஆதியில் அரசு என்பது..." என்று லேசாக ஆரம்பித்தேன். எதிரே இருந்த என் மகள் கைப்பையிலிருந்து துணியில் சுற்றிய அந்தச் சில்லை எடுத்து என் இலையோரம் வைத்தாள். நான் ரசத்துக்குக் கையை நீட்டினேன்.