நடுவர் துப்பிய கேக்

பிரிஸ்பேன் வெயிலில் முழங்கால் வலியோடு குடியிருக்கும் தெல்மா அக்காவுக்கு,

தங்கை நொரீன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். என் குடலும் இந்த மாதம் நலம். அத்தானையும் நாயையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

நிற்க. இருபத்தாறு வருடம் பார்த்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, நம்மூர்க் கண்காட்சியின் பழக்கேக் நடுவர் பதவி, அதை நீயே வந்து திரும்ப ஏற்றுக்கொள்ள வேண்டும். குரோன் நோயால் சிறுகுடலில் ஓரிடம் சுருங்கி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் அல்லவா, அப்போது டயட்டீஷியன் பெண் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "பயந்துபோய் எல்லாத்தையும் விட்டுடாதீங்க நொரீன், நல்லாச் சாப்பிடணும். உங்களுக்குச் சுருக்கம் இருக்கிற வரைக்கும் கொட்டை, தோல், உலர்ந்த பழம் மட்டும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு தடவை, நல்லா மென்னு." அப்படியேதான் செய்கிறேன். பூசணியைத் தோல் சீவிக் குழைய வேக வைக்கிறேன், மீன், முட்டை, மசித்த உருளைக்கிழங்கு என்று நாலு கிலோ ஏறி, பழைய பாவாடைக்குப் பொத்தான் எட்டலை, அதுல எனக்கு ஒரே சந்தோஷம். ஆனா பழக்கேக்குன்னா என்ன அக்கா? கொட்டை, தோல், உலர்ந்த பழம்!

கமிட்டிகிட்ட நான் வாயே திறக்கலை. குடல்னு சொன்னா இந்த ஊர்ல உடனே கழிப்பறையைத்தான் நினைப்பாங்க, அப்புறம் கேக் வெட்டுற கையை ஒரு மாதிரி பாப்பாங்க. அதனால கண்காட்சியன்னிக்கு மென்னு ருசி பாத்து, இருமுற மாதிரி காகிதத்துல துப்பி, ஏப்ரன் பையில போட்டுக்கிட்டே வந்தேன். மொத்தம் பதினேழு கேக். பன்னிரண்டாவதுலயே பை பிதுங்கிடுச்சு. பதினாலாவது கிளைவோடது. ஒன்பது வருஷமா ரெண்டாம் பரிசே வாங்குற ரிட்டயர்டு ரயில் டிரைவர். வேடிக்கை பாக்குறவங்களுக்குக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னவர் கூரை அதிரக் கத்தினார்: "என் கேக்கைத் துப்பிட்டா!"

கூடமே என்னைத் திரும்பிப் பாத்துது. வேற வழியில்லை, சொல்லிட்டேன். "உங்க கேக் மேல தப்பில்ல கிளைவ். எனக்குக் குரோன் நோய். முழுங்கினா ஆம்புலன்ஸ்தான்."

மனுஷர் கயித்துக்கடியில குனிஞ்சு வந்தார். "எனக்கும் அதேதாம்மா. பதினொரு வருஷமா."

"அப்போ இந்தக் கேக்?"

"ஒரு தடவைகூட ருசி பாத்ததில்ல. வாசனையை வெச்சுத்தான் செய்யறேன்."

"மென்னுட்டுத் துப்பியிருக்கலாமே?"

"மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன்."

"அதான் ஒன்பது வருஷமா உப்பு தூக்கல்!"

ஒரு துண்டு எடுத்து மென்னார். கண்ணு விரிஞ்சுது. "அடக் கடவுளே, உப்பு!" என் காகிதத்துலயே துப்பினார். கூடமே சிரிச்சுது, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துது. பரிசு ரெண்டாவதுதான், நியாயம்னா நியாயம். மத்தியானம் டீக்கூடாரத்துல ரெண்டு பேரும் டப்பாவைத் திறந்தோம். அவருக்குத் தக்காளி ஒத்துக்கும், பால் ஆகாது. எனக்கு நேர்மாறு. மாத்திக்க முடியாத சாப்பாட்டை வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் பேசினோம்.

ஆனாலும் பட்ட வெட்கம் போதும் அக்கா. பதவியை ராஜினாமா செய்கிறேன். மறுக்காமல் வந்து சேரவும்.

உன் முழங்காலும் என் குடலும் நெடுங்காலம் நம் சொல்படி கேட்கட்டும்.

அன்புடன்,
நொரீன்

பி.கு.: உறையை ஒட்டும்போது கமிட்டிச் செயலாளர் ராஸ் போன் செய்தார். "ஒயின் நடுவருங்க துப்பினா கௌரவம், நீங்க துப்பினா மட்டும் என்னவாம்? உங்களுக்குத் துப்புறதுக்குன்னே ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கிட்டோம். சாப்பாட்டு ஆசைக்குப் பரிசு குடுக்காத ஒரே நடுவர்னு எல்லாருக்கும் உங்க மேல நம்பிக்கை வந்துடுச்சு." அவர் முடிக்கும் முன்பே சரி சொல்லிவிட்டேன். ஆகையால் வர வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டாய் என்றால் சாப்பிட வா. கேக் கத்தியை மட்டும் தொடாதே.