ஏசி திருத்த வந்த சொந்தக்காரன்

என்னை நம்பி ஒரு கதவையும் விடக்கூடாது. அது தெரியாமல் சிட்னியில் ஒரு அரசாங்க அலுவலகம் தன் வாசலையே என்னிடம் ஒப்படைத்தது!

வருகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்த்து, பாஸ் கொடுத்து, உள்ளேயிருந்து ஆள் வந்து கூட்டிப்போகும்வரை இருத்தி வைப்பதுதான் வேலை. அதற்கு முன் கோழித் தொழிற்சாலைக் குளிரில் நின்றவளுக்குக் கோட்டும் கதிரையும் கிடைத்தால் சும்மா இருப்பாளா? அலுவலக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே பிளாக்டவுன் மரக்கறிக் கடைக்குப் போவேன். (ஒருவரும் கேட்கவில்லை. நானே திருப்பித் திருப்பிக் காட்டினேன்.) அடுத்த கிழமை வேலை நிரந்தரமாக வேண்டும். அதுவரை ஒரு பிழையும் விடக்கூடாது.

அன்று காலை கோட்டுசூட்டோடு வந்த ஒரு பெரியவரையே அட்டை இல்லையென்று திருப்பி அனுப்பினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போது ஏணியோடு ஒருவன் வந்தான். ஏசி திருத்த வந்தானாம், அட்டை வெளியே நிறுத்திய வானுக்குள் கிடக்கிறதாம். ஆங்கிலத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த முகம்!

"தம்பி, தமிழோ?"

"ஓம் அக்கா."

"ஊரில எவடம்?"

கொஞ்சம் தயங்கினான். "காரைநகர்."

"ஐயோ! என்ர மனுசனும் காரைநகர்தான்! ஆற்ற மகன்?"

தகப்பன் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான்! அவருடைய தங்கையைக் கட்டியவர் என் மாமியாரின் ஒன்றுவிட்ட அண்ணன். அப்படியென்றால் இவன் என் மனுசனுக்குத் தம்பி முறை! தம்பி முறையானவனிடம் அட்டை கேட்டால் நாளைக்குச் சனம் என்ன சொல்லும்?

என் அட்டையாலேயே கதவைத் திறந்தேன். வழியெல்லாம் குடும்பக் கதை கேட்டபடி கம்ப்யூட்டர் அறைவரை கூட்டிக்கொண்டு போனேன். பசிக்குமே என்று என் மதியச் சாப்பாட்டு ரோல்ஸையும் கொடுத்தேன். தன் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னான், எடுத்தும் கொடுத்தேன்.

பின்னேரம் மேலாளர் ஜூலி கூப்பிட்டாள். போனால், தம்பி முறை அங்கே நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறான். வாசற்காவலைச் சோதிக்கவென்று அலுவலகமே காசு கொடுத்துப் பிடித்த ஆளாம்! சுவர்த்திரையில் நான் எடுத்த படம். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, கையில் என் ரோல்ஸோடு அவன். வேலை போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

ஜூலி பெருமூச்சோடு கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "இவரைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? இவர் சோதித்த மற்ற அலுவலகங்களில் 'தொப்பி போட்ட ஒருவர்' என்பதற்குமேல் ஒருவருக்கும் தெரியவில்லை."

நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பெயர், தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம், கெல்லிவில்லில் எந்தத் தெருவில் வீடு, மனுசி எந்த ஊர், தாய்க்கு எவ்வளவு சீனி வருத்தம், மகளுக்கு எப்போது அரங்கேற்றம்.

"அக்கா, காணும், விடுங்கோ!" என்று அவன் தலையில் கைவைத்தான். ஜூலி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "பொலிஸ் விசாரித்தாலும் இவ்வளவு வராது!"

மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள், ஆனால் வேலையைப் பறிக்கவில்லை. துள்ளிக் குதிக்காத குறைதான்!

இப்போது அவன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தால், என் மகள் வாசலை மறித்துக்கொண்டு, "சித்தப்பா, ஐடி பிளீஸ்!" என்பாள். அவனும் லைசென்ஸை எடுத்துக் கொடுப்பான். என் மனுசன் அதை வெளிச்சத்தில் பிடித்து ஆற அமரப் பார்ப்பார். அதற்குள் நான் பின்கதவால் அவன் மனுசியையும் பிள்ளைகளையும் உள்ளே விட்டுச் சோறும் போட்டிருப்பேன்.